ஒரே அளவு

"ஆறு மாசத்துல இவ்வளவுதானா?"

தையல்காரி மகனின் மேல்கையைச் சுற்றியிருந்த அளவுப் பட்டையைப் பார்த்து அளவு எடுக்கும் அக்கா உதட்டைப் பிதுக்கினாள். மெலிந்த கைக்கு மஞ்சள், தேறிய கைக்குப் பச்சை. மஞ்சளின் அடியில் தொடங்கிய கை. பச்சைக்கு இன்னும் ஒரு நூல் பாக்கி.

"உங்க பட்டை சுருங்கியிருக்கும்க்கா. என் டேப்பைத் தரட்டுமா?" சிரித்தாள் தையல்காரி.

"சிரிக்காதே. தெருவுல குலுக்கல் போட்டோம். பாதி வீட்டுக்கு மாசாமாசம் பணம், மீதி வீட்டுக்கு வெறும் அளவு. பணம் கொடுத்தா பிள்ளைங்க தேறுதான்னு பார்க்கத்தானே? உனக்குப் பணம் வருது, பக்கத்து வீட்டுக்காரிக்கு வரல. போன மாசம் ரெண்டு பிள்ளைக்கும் ஒரே அளவு! பணத்தால பலனில்லேன்னா மேல இருக்கறவங்க நிறுத்திடுவாங்கடி."

தையல்காரி மகனின் சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.

அக்காவின் கண் அடுப்படியை மேய்ந்தது. புத்தம் புதுப் பானை ஒன்று, ஆளையே உட்கார வைக்கலாம்.

"மூணு பேருக்கு இத்தனை பெரிய பானையா? பிள்ளைக்கு வந்த பணத்துல பாத்திரம் வாங்கினியா?"

"பழசு பத்தலக்கா."

"இந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் செலவு செய்வேன்னு கையெழுத்துப் போட்டியே, ஞாபகமிருக்கா?"

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "இருக்குக்கா."

படிவத்தின் கடைசிக் கட்டத்தில், 'பணத்தால் பலன் இல்லை' என்று எழுதிவிட்டு அக்கா பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

அங்கே அடுப்பு பற்றவே இல்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரி, மகள் சிட்டுவை ஸ்டூலில் உட்கார வைத்தாள். அக்கா பட்டையைச் சுற்றினாள். பச்சைக்கு ஒரு நூல் பாக்கி. இவளும் மஞ்சளின் அடியில் தொடங்கியவள்தான். அதே அளவு!

எழுதப் பேனாவை எடுத்தாள்.

டங்! டங்! சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பானையில் கரண்டியால் தட்டினார்கள்.

"டேய், இன்னிக்குத் தட்டாதேடா!" தையல்காரியின் குரல்.

அதற்குள் சிட்டு ஸ்டூலிலிருந்து குதித்து, மூலையிலிருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தாள். பட்டை கையிலேயே தொங்கியது.

"ஏய், பட்டையைக் குடுத்துட்டுப் போடி!"

அக்கா துரத்திக்கொண்டு போனாள்.

பானைக்கு முன்னால் பையனும் சிட்டுவும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தார்கள், நேற்றும் அதற்கு முந்தின நாளும் உட்கார்ந்த இடம்போல.

மகனிடம் பிடுங்கிய கரண்டியோடு தையல்காரி விழித்தாள்.

"கையெழுத்து ஞாபகமிருக்குக்கா. ஆனா... அவ பார்த்துக்கிட்டு நிக்கும்போது இவனுக்கு மட்டும் எப்படிக்கா போடறது?"

அக்கா சிட்டுவின் கையிலிருந்த பட்டையைக் கழற்றினாள். படிவத்தை விரித்தாள். அளவுகளைத் தொடவில்லை. கடைசிக் கட்டத்தில் இருந்ததை மட்டும் அடித்துவிட்டு எழுதினாள்:

'பணம் ஒரு பிள்ளைக்கு. தேறியது இரண்டு. நிறுத்த வேண்டாம்.'