கழுத்தை நீட்டியவள்

துரை பேனாவை எடுத்தார்.

அவள் காலடியில் துணிமூட்டை. கப்பலுக்குக் கட்டிக்கொண்டு வா என்றார்கள், கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சொன்ன பேச்சைக் கேட்பவள் என்று இருக்கட்டுமே.

ஜன்னலுக்கு வெளியே பாங்காக்கின் ஆறு. ஆற்றில் கப்பல், புகை விட்டுக்கொண்டு. சிங்கப்பூர் போய், பினாங்கு போய், கடைசியில் நாகப்பட்டினம்.

நாகப்பட்டினத்தில் இறங்கினால் கொழுந்தன் வீடு. தாலியறுத்தவளுக்கு அங்கே கொல்லைப்புறம் உண்டு. கூழ் உண்டு. விடிந்தால் வசவு உண்டு.

இங்கே அவளுக்கென்று பசுக்கள் இருந்தன. வாய்க்கால் கரையில் ஒரு கொட்டகை இருந்தது.

அந்தக் கரைதான் சாரங்கபாணிக்கு வேண்டும். மாட்டு வியாபாரி. அம்மன் கோயில் தர்மகர்த்தா. இந்த ஊர்த் தமிழர்களுக்கு அவர் வைத்ததுதான் சட்டம். கொட்டகையைக் காலி செய் என்று வந்து நின்றார். ஒரு வாளி சாணித் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தாள்.

அதில் அவளுக்கு இன்றுவரை வருத்தமில்லை.

வழக்கு கான்சல் துரையிடம் வந்தது. சயாம் மண்ணில் நின்றாலும் இங்கிலீஷ் ராஜாவின் பிரஜை மேல் சயாம் ராஜா கைவைக்க மாட்டார். துரை வைப்பார். கலகக்காரி என்று அவருக்குப் பட்டால், ஒழுங்காக இருப்பாள் என்று இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். நிற்க ஆளில்லையென்றால் கப்பல்.

சாரங்கபாணியைப் பகைத்துக்கொண்டு ஒரு காக்கை வருமா?

வரவில்லை. இன்று கெடு முடிகிறது.

“சொல்ல ஏதாச்சும் உண்டாம்மா?” என்றார் துபாஷி.

தலையசைத்தாள். இல்லை.

அவள் கழுத்தில் புது மஞ்சள் கயிறு. சேலைக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி எடுத்து விட்டிருந்தாள். துரை கண்ணில் படவில்லை. துரைமார் பார்க்கிற பொருளா அது?

அவளே வாயைத் திறந்து சொல்லலாம். ஆனால் அவள் சொன்னால் பொய், சாரங்கபாணி சொன்னால் சாட்சி. இந்த அறையின் வழக்கம் அவளுக்குத் தெரியும்.

பேனா மைக்கூட்டைத் தொட்டது.

ஓரக்கண்ணால் பார்த்தாள். பக்கத்தில் நின்ற சாரங்கபாணியின் மீசை துடித்துக்கொண்டிருந்தது.

சொல்லு. சொல்லித் தொலையேன், பாவி.

பேனா காகிதத்துக்கு வந்தது.

“தொரை, இவ யோக்கியதையையும் கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க,” என்றார் சாரங்கபாணி. “புருசன் செத்தவ. இன்னிக்கிக் காலையில, எங் கோயில்ல, அம்மன் சந்நிதியில, ஒரு சயாம் படகுக்காரனுக்குக் கழுத்த நீட்டிட்டா. எங்க சனத்துக்கே தலகுனிவு.”

துபாஷி இங்கிலீஷில் சொன்னார்.

பேனா நின்றது.

துரை ஏதோ கேட்டார்.

“நீங்களே பாத்தீங்களான்னு கேக்குறாரு.”

“தீபாராதனைக்குப் போறேன், எங் கண்ணு முன்னாடி கட்டுறான். நான் பாத்தேன், ஊரே பாத்துச்சு. அம்மன் மேல சத்தியம்.”

அதற்காகத்தானே அவருடைய கோயிலாகப் பார்த்துப் போனாள். அதற்காகத்தானே அவர் வருகிற வேளையாகப் பார்த்துக் கட்டச் சொன்னாள்.

நுணலும் தன் வாயால் கெடும். இந்த நுணல் சத்தியம் வேறு செய்துவிட்டுக் கெட்டது.

துரை பேனாவைக் கீழே வைத்தார்.

போன மழைக்காலத்தில் இதே அறைக்கு அஞ்சலை வந்தாள். சீனாக்காரனைக் கட்டிக்கொண்டவள். அவன் கையை ஒடித்துவிட்டான், நியாயம் வேண்டும் என்று ஒடிந்த கையோடு வந்தாள். துரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. பெண்பிள்ளை எவனைக் கட்டுகிறாளோ அவன் ராஜாதான் அவளுக்கும் ராஜா, நீ இனி எங்கள் பிரஜை இல்லை, போ என்றார்.

அஞ்சலை அழுதாள். அன்று துணைக்கு வந்த இவள் அழவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

துரைக்கும் இப்போது நினைவு வந்திருக்க வேண்டும். முகம் சிவந்தது. எழுதிய காகிதத்தை இரண்டாகக் கிழித்தார்.

“தொரைக்கு ஒன்மேல அதிகாரம் இல்லியாம்,” என்றார் துபாஷி. அவருக்குச் சிரிப்பு வந்தது, மேல்துண்டால் மறைத்துக்கொண்டார். “நீ இப்ப சயாம்காரி. போலாங்குறாரு.”

சாரங்கபாணி திறந்த வாயை மூடவில்லை.

மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். படியிறங்கும்போது அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. அடக்கவில்லை. ஜெயித்துவிட்டாள். அஞ்சலைக்கும் சேர்த்து ஜெயித்துவிட்டாள்.

படித்துறையில் பூன் காத்திருந்தான். தினமும் அவள் பால்குடங்களைச் சந்தைக்கு ஏற்றிப் போகும் படகுக்காரன். நேற்று அவள் போய்க் கேட்டபோது ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அவன் பாஷையில் ஒன்றே ஒன்று சொன்னான்.

“கப்பல் போனதும் கழற்றிவிடலாம்.”

படகில் ஏறினாள். நடு ஆற்றுக்கு வந்தபோது கப்பல் ஊதியது. நகர்ந்தது. அவர்களைத் தாண்டிப் போனது. படகு ஆடியது, பிறகு நின்றது.

பூன் துடுப்பை மடியில் வைத்தான். அவள் கழற்றுவதைப் பார்க்க வேண்டாமென்று முகத்தை அக்கரைக்குத் திருப்பிக்கொண்டான்.

வெளியே கிடந்த கயிற்றைக் கையில் எடுத்தாள். ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள்.

அவனைக் கூப்பிட வாயெடுத்தாள். பூன் என்றுதான் இத்தனை நாளும் கூப்பிட்டிருக்கிறாள். இப்போது அந்தப் பெயர் நாக்கில் வந்து நின்றது, வெளியே வரவில்லை.

“ஏங்க,” என்றாள், தமிழில்.

அவன் திரும்பினான்.