ஒரு வரிக்கு ஒரு பேர்

“ஒரு வரிக்கு ஒரு பேர்தான்! யாருப்பா அது, காபி மெஷின் கழுவுறதுக்குக்கூடத் தன் பேரை எழுதி வெச்சிருக்கிறது?”

சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாளைப் பார்த்து ஒரிசியா போட்ட சத்தத்தில், லோர்ன் கையிலிருந்த டோனட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

“நான்தான். ஏன், அது வேலை இல்லையா?”

“பதினோரு வரி, பதினோரு லோர்ன்! இது திட்டமா, வருகைப் பதிவேடா?” என்றவள், தாளைச் சர்ரென்று கிழித்தாள்.

லோர்னைச் சொல்லிக் குற்றமில்லை. வினிபெக்கில் ஜன்னல் செய்து விற்கும் கம்பெனி அது. ‘உங்க ஜன்னல்ல குளிர் காத்து வருது’ என்று கத்துகிற வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல நாலு பேர் கொண்ட ஒரு குழு. ஒரிசியா அதற்குத் தலைவி. டொராண்டோ தலைமையகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஏப்ரலிலிருந்து குழுவில் மூன்று பேர்தான். அடுத்த மூன்று வருடத்துக்கு என்னென்ன செய்வீர்கள், எதற்கு யார் பொறுப்பு என்று வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் திட்டம் அனுப்பவேண்டும். தாளில் பேர் இல்லாதவருக்கு நாற்காலியும் இல்லை. அப்புறம் சும்மா இருப்பார்களா? சாதுவான இவெட்கூட ஏழு வரியில் தன் பேரை எழுதியிருந்தாள்.

எழுதாதவள் ரொவீனா மட்டும்தான். மணிலாவிலிருந்து வந்தவள், வேலையில் சேர்ந்து எட்டு மாதம். அம்மாவைக் கூட்டிவர மனுப் போட்டிருக்கிறாள். வேலை போனால் அம்மாவும் வர முடியாது. கடைசியாக வந்தவளைத்தானே முதலில் அனுப்புவார்கள் என்று நாலு நாளாக அவள் அந்தத் தாள் பக்கமே போகவில்லை. இன்று வெள்ளிக்கிழமை.

“சண்டை அப்புறம். முதல்ல சாப்பிடுங்க” என்று ஒரிசியா மூன்று டப்பாக்களைத் திறந்தாள். வீட்டில் செய்த பெரோகி, அவர்கள் ஊர்க் கொழுக்கட்டை. “இது உருளைக்கிழங்கு, இது முட்டைக்கோஸ், இது காளான். பிடிச்ச டப்பா மேல பச்சைப் பொட்டு ஒட்டுங்க.”

எந்த வேலை முக்கியம் என்று ஓட்டுப் போட வாங்கிய பொட்டுகள் அவை. திங்கட்கிழமையிலிருந்து பாதிப் பொட்டு பெரோகிக்கே போய்க்கொண்டிருந்தது.

“ஆளை வெட்டுறதுக்கு முன்னாடி விருந்து வேறயா?” என்று முணுமுணுத்தபடியே லோர்ன் ஏழாவது பெரோகியை எடுத்தான்.

“வாயிலயே போடுவேன். உப்பு சரியா இருக்கா, அதைச் சொல்லு.”

சாப்பிட்டதும் புதுத் தாள் ஒட்டினாள். பதினோரு வேலையையும் மூன்றாகக் கட்டிவிட்டாள். வீடு வீடாகப் போய் ஜன்னலைப் பழுது பார்ப்பது: லோர்ன். பிரெஞ்சு பேசும் வாடிக்கையாளர்கள்: இவெட். மூன்றாவது வரி, குழுவை நடத்துவதும் டொராண்டோவோடு பேசுவதும். அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. எழுதத்தான் வேண்டுமா? தலைவி வேலை தலைவிக்கு. ரொவீனாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. டொராண்டோ.

“ரொவீனா, நீ எடு. நான் காபி வாங்கப் போறேன்.”

“அய்யோ, நானா? என்னக்கா பேசுறது?”

“முந்தாநாள் என்கிட்ட ஒண்ணு சொன்னியே, அதையே சொல்லு” என்று ஒரிசியா வெளியே போய்விட்டாள்.

போகிற வேலைதானே, இனி என்ன பயம் என்று ரொவீனா போனை எடுத்தாள். “சார், பாதிப் புகார் முதல் குளிர் வாரத்துலதான் வருது. அவங்க கத்துற வரைக்கும் நாம ஏன் காத்திருக்கணும்? அக்டோபர்லயே நாமளே கூப்பிட்டு விசாரிச்சா என்ன?”

“எத்தனை வீடு வரும்?”

“போன வருஷம் நானூத்திப் பன்னிரண்டு. பட்டியல் என்கிட்ட இருக்கு சார்.”

அந்தப் பக்கம் கால்குலேட்டர் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “நல்லா இருக்கே! திட்டத்துல முதல் பக்கத்துலயே போடுங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் ஒரிசியா நின்றிருந்தாள். கையில் காபி இல்லை.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம். ரொவீனா தன் காபிக் கோப்பையைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரிசியா பேனாவை எடுத்து, மூன்றாவது வரிக்கு எதிரே ‘ரொவீனா’ என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். அதைப் படம் பிடித்து டொராண்டோவுக்கு அனுப்பியும் விட்டாள்.

லோர்ன் விரல் விட்டு எண்ணினான். “நான், இவெட், ரொவீனா... மூணு ஆச்சு. உங்க பேரு எங்க?”

“தலைவியையும் சேர்த்துத்தானே நாலு?”

“அக்கா! எனக்காகவா? வேண்டாம்க்கா!” ரொவீனா அழுதேவிட்டாள்.

“உனக்காக மட்டும்னு யாரு சொன்னா? கண்ணைத் துடை” என்று ஒரிசியா இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து விரித்தாள்.

‘கிம்லி ஏரிக்கரைப் பெரோகிக் கடை: மூன்று வருடத் திட்டம்’ என்றிருந்தது அதில், உருளைக்கிழங்குக்கு நேரே பச்சைப் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருக்க, அடுப்பு மூட்டுவதிலிருந்து காபி மெஷின் கழுவுவது வரை பதினோரு வரி, பதினோரு ஒரிசியா!