படத்தில் ஆள்

இணையத்தில் விற்ற டிரெஸ்ஸிங் டேபிளை எடுத்துப்போகக் கூரியர்காரர் வந்தார். வண்டியில் ஏற்றுவதற்கு முன் அதைப் படம் எடுத்து ஆப்பில் போட வேண்டுமாம்.

"படத்துல ஆள் தெரியக்கூடாதுங்குது சார். கொஞ்சம் தள்ளிக்குங்க."

தள்ளி நின்றேன். அவரும் பக்கவாட்டில் குனிந்து எடுத்தார். கண்ணாடியில் வெறும் சுவர்தான் தெரிந்தது.

"இப்பவும் ஆள் இருக்குங்குது. வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களா?"

"இல்ல. வொய்ஃப் தவறி நாலு மாசம் ஆச்சு."

அவர் கண்ணாடியை உற்றுப் பார்த்தார். என் மார்பு உயரத்தில் அவளுடைய அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

"அத எடுத்துட்டா ஒருவேள ஏத்துக்கும் சார்."

பொட்டின் ஓரத்தில் நகத்தை வைத்தேன். தொட்டாலே வந்துவிடும் போலிருந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

"அப்படியே இன்னொரு தடவ எடுங்க," என்றேன். "எந்த இடத்துல ஆள் இருக்குன்னு அது காட்டுமா?"