வெள்ளையில் மஞ்சள்

"மாஸ்டர், மிக்ஸிங் ரூம் சாவியைக் குடுங்க."

முதலாளியம்மா குரலைத் தணிக்கவே இல்லை. பெயின்ட் கடையில் வாடிக்கையாளர்கள் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாஸ்டர் டின்னிலிருந்து குச்சியை எடுத்தார். "எதுக்கு மேடம்?"

"இனிமே நீங்க கலர் கலக்க வேண்டாம். திங்கக்கிழமை நான் கவுண்டர்ல நின்னேன். ஒரே நாள்ல மூணு புகார். லேசா மஞ்சளடிச்ச ஐவரி கேட்டவங்களுக்குச் சுண்ணாம்பு மாதிரி குடுத்து அனுப்பியிருக்கீங்க."

"நான் என்ன செய்ய? கம்பெனி அனுப்புற வெள்ளையே மஞ்சளிச்சுப்போய் வருது. அதுல மேற்கொண்டு மஞ்சளை ஊத்தினா சுவர் பூசணிக்காய் மாதிரி ஆயிடாதா?"

"சாவி."

இருபத்திரண்டு வருஷமாக அந்த ரூமில் அவர் வைத்ததுதான் நிறம். அளவுக் குவளை கிடையாது, மெஷின் கிடையாது, கண்ணால் பார்த்தே கலப்பார். சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கவுண்டரில் இருந்த சிட்டுவுக்குப் பொறுக்கவில்லை. வயது நாற்பதாகியும் கடையில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர்தான். மாஸ்டரை வாய் நிறைய அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

"நாலு பேர் முன்னாடி இப்படியா மேடம் பேசுறது? மூணே மூணு புகாருக்கு, இத்தனை வருஷம் உழைச்ச மனுஷனை..."

"நீயும் வா சிட்டு. ரெண்டு பேரும் கார்ல ஏறுங்க."

"எங்க? ராஜினாமா எழுதி வாங்கவா?" என்றார் மாஸ்டர்.

"ஏறுங்கன்னா ஏறுங்க."

வழியெல்லாம் 'இந்தம்மாவுக்கு நெஞ்சுல ஈரமே இல்ல' என்று சிட்டு உள்ளுக்குள் பொருமிக்கொண்டு வந்தாள்.

கார் நின்ற இடம் இதய மருத்துவமனை.

"இங்க எதுக்கு மேடம்? எனக்கு ஒண்ணுமில்ல."

"மூணு நாளா கூப்பிட்டேன். ஆர்டர் இருக்கு, ரூமை விட்டு வர முடியாதுன்னு சாக்கு சொன்னீங்க. சாவியைப் பிடுங்கினாத்தான் நீங்க வெளிய வருவீங்க. எனக்கு வேற வழி தெரியல."

நர்ஸ் அவரைப் படுக்கவைத்து நெஞ்சிலும் கைகாலிலும் ஒயர்களை ஒட்டினாள். ஈசிஜி மெஷினிலிருந்து தாள் நீண்டது. அதைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டர் தாளைப் படித்துவிட்டுக் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"நாடி நாப்பத்திரெண்டுதான் இருக்கு. சாப்பாடு எப்படி?"

"இறங்க மாட்டேங்குது. குமட்டுது. கொஞ்ச நாளா அப்படித்தான்."

"என் கோட் என்ன கலர்?"

மாஸ்டர் தொழில்காரர் ஆயிற்றே, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "வெள்ளைல ரெண்டு சொட்டு எலுமிச்சை மஞ்சள்."

சிட்டு திடுக்கிட்டுப் போனாள். அது சலவையிலிருந்து அப்போதுதான் வந்த கோட். பளீர் வெள்ளை.

"துடிப்பைச் சீராக்க நான் எழுதின மாத்திரை அளவுக்கு மேல உடம்புல சேர்ந்திருக்கும்போல. அதான் வெள்ளையெல்லாம் மஞ்சளாத் தெரியுது. ரத்தம் எடுத்து உறுதி பண்ணிடலாம்," என்றார் டாக்டர். "மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து ரத்தமும் ஈசிஜியும் பார்த்துக்கணும்னு சொன்னேனா இல்லையா?"

"உடம்பு நல்லாத்தானே இருந்துது டாக்டர்..."

"நல்லா இருக்கும்போதுதான் பார்க்கணும். சரி, பயப்படாதீங்க. சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க. மாத்திரையை நிறுத்தறோம். ரெண்டு மூணு நாள் மானிட்டர்ல வெச்சுப் பார்த்துக்கறோம். நாடியும் ஏறிடும், கண்ணும் பழையபடி ஆயிடும்."

மாஸ்டர் மெல்ல முதலாளியம்மா பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்படி மேடம் தெரிஞ்சுது?"

"புது டின்னைத் திருப்பி அனுப்பச் சொன்னீங்களே, அதை நானே திறந்து பார்த்தேன். பால் மாதிரி இருந்துது. பெயின்ட் மேல தப்பில்லைன்னா உங்க கண்ணுல ஏதோ இருக்கு. கண்ணுக்கு நீங்க மருந்து சாப்பிடல, இதயத்துக்குத்தான் சாப்பிடறீங்க. அந்த மாத்திரையால இருக்குமோன்னு உடனே டாக்டருக்கு போன் பண்ணேன்."

"நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்..."

"திட்டறதா இருந்தா குணமாகிக் கடைக்குத் திரும்பி வந்து திட்டுங்க. இப்ப படுங்க."

சிட்டு தலை குனிந்து நின்றாள்.

டாக்டர் எழுதியபடியே சொன்னார். "மூணே புகார்ல பிடிச்சிட்டீங்க மேடம், பெரிய விஷயம். ஆனா இது ஒரே வாரத்துல வர்றது இல்ல. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நாடி இவ்வளவு தூரம் இறங்க விட்டிருக்க மாட்டோம். இதுக்கு முன்னாடி யாருமே குறை சொல்லலையா?"

"இல்ல டாக்டர். வந்திருந்தா என் காதுக்கு வராம இருக்குமா?"

மானிட்டரில் பச்சைக் கோடு மெதுவாக, ரொம்ப மெதுவாக எழுந்து விழுந்துகொண்டிருந்தது. சிட்டு அதையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். 

"வந்துது மேடம். ஒரு மாசமா வந்துது, பதினோரு பேர். அண்ணன் பேர் கெட்டுடக் கூடாதேன்னு, நான்தான் அத்தனை பேரையும் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பினேன்."