கிழக்கு மூலை

"எறும்புகூட இதைவிட வேகமா ஊரும்!" என்று வாக்கி டாக்கியில் எரிந்து விழுந்தார், சுரங்கத்துக்குப் புதிதாக வந்திருந்த இன்ஜினியர்.

ஜன்னலுக்கு வெளியே, பத்து மாடி உயர ராட்சத இயந்திரம் தன் பல் சக்கரத்தால் மண்ணை மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தது.

"கிழக்கு மூலை முடியற வரைக்கும்தான் சார். இன்னும் நாலு நாள் பொறுத்துக்குங்க" என்றார் ஆபரேட்டர்.

"மண்ணை எடுத்தாத்தானேய்யா நிலக்கரி? மேலிடத்துக்கு யார் பதில் சொல்றது?"

"சார், அந்த இடத்துல..."

"சாக்குப்போக்கெல்லாம் என்கிட்ட வேண்டாம். இறங்குங்க, வேற ஆளை ஏத்தறேன்."

பக்கத்துச் சுரங்கத்திலிருந்து ஓர் இளம் ஆபரேட்டர் வந்தான். சக்கரம் பம்பரமாய்ச் சுற்றியது.

மறுநாள் இன்ஜினியருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, மனசு வெச்சா முடியுதில்ல? எங்கே நம்ம ஆமை? இன்னிக்கு லீவா?" என்று கிளார்க் அம்மாவிடம் கேட்டார்.

அந்த அம்மா ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பெல்ட்டு மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டுதே, அந்த மேட்டுல இருக்கார் சார். நேத்துலேர்ந்து வெறுங்கையால கிளறிக்கிட்டிருக்கார்."

"எதுக்கு?"

"போன வருஷம் கிழக்கு மூலையில சரிஞ்ச மண்ணு சார் அது. பெல்ட்டுக்கு கிரீஸ் போட்டுக்கிட்டிருந்த அவர் மகன் அதுக்குள்ள போயிட்டான். பத்து நாள் தேடிப் பாத்துட்டுக் கைவிட்டுட்டாங்க."

இன்ஜினியர் பாய்ந்து வாக்கி டாக்கியை எடுத்தார். "நிறுத்து! சக்கரத்தை நிறுத்து!"

"நிறுத்தியாச்சு சார்" என்றது உற்சாகமான இளங்குரல். "கிழக்கு மூலையைச் சுத்தமா வழிச்சாச்சு. அடுத்து எங்க?"