மடியில் இருந்த குழாய்

செக்போஸ்ட்டில் நிறுத்திய பஸ்ஸிலிருந்து எல்லாரும் சோதனைக்காக இறங்கிவிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் இறங்கவில்லை. பழைய புடவைத் துணியில் சுற்றிய ஒன்றை மடியில் வைத்து, பிறந்த பிள்ளையை அணைப்பதுபோல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

ஏட்டு விஜயலட்சுமி படியில் ஏறி நின்று அவளையே பார்த்தாள். மலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்கும் பஸ்ஸில் பெண்களிடம் கள்ளச்சாராயம் கொடுத்தனுப்புகிறார்கள் என்று காலையில்தான் தகவல் வந்திருந்தது.

கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்தவர்களை வரிசையாகக் கொண்டுவந்த நாட்களில், ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு நின்றவள் அவள். அந்த அழுகையைக் கேட்ட பிறகு, இந்தச் செக்போஸ்ட்டில் ஒரு தூக்குவாளியைக்கூட அவள் திறந்து பார்க்காமல் விட்டதில்லை.

"இன்னாம்மா அது?"

"காலேஜ் சாமானுங்க மேடம்."

பேர் கோகிலவாணி, சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், வீடு மலைமேல் என்றாள். ஒரு கையை மட்டும் விடுவித்து அடையாள அட்டையைக் காட்டினாள். விஜயலட்சுமிக்கு அட்டையில் நம்பிக்கையில்லை. நர்ஸ் உடுப்பில் வந்த ஒருத்தியின் பையிலிருந்தே பாக்கெட் பாக்கெட்டாக எடுத்தவள் அவள்.

துணியை விலக்கச் சொன்னாள். உள்ளே முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய். இரண்டு பக்க வாயிலும் மெழுகு ஊற்றி அடைத்திருந்தது.

உள்ளே இருப்பது மண் என்றாள் அந்தப் பெண். மண்ணுக்கு எதற்கு மெழுகு? எங்கே எடுத்தாய் என்று கேட்டாள் விஜயலட்சுமி. காலேஜ் சார் யாரிடமும் சொல்ல வேண்டாமென்றார் என்று மட்டும் முணுமுணுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

விஜயலட்சுமி கண்டக்டரைக் கூப்பிட்டு விசாரித்தாள். அந்தப் பெண் எந்த ஊரிலும் ஏறவில்லை என்றார் அவர். "இதோ, இந்த மேல் வளைவுல கை காட்டி ஏறுச்சுங்க. அங்க ஒரு வூடுகூட கெடையாது."

பெண்ணின் சுடிதாரில் முழங்காலுக்குக் கீழே ஒரே செம்மண். வீடே இல்லாத வளைவில் காத்திருந்து பஸ் ஏறுகிறவர்கள் எதைக் கொண்டுவருவார்கள் என்று விஜயலட்சுமிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"தொற."

"தொறந்தா கெட்டுடும் மேடம். காத்து படக்கூடாது. ஆடக்கூட கூடாதுன்னுதான் மடியில வச்சிக்கினு வரேன்."

அந்தப் பேச்சு சந்தேகத்தை உறுதியாக்கிவிட்டது. குழாயைப் பிடுங்கிக்கொண்டு விடுவிடுவென்று செக்போஸ்ட் ஷெட்டுக்கு நடந்தாள். பெண் கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள். புளியமரத்தடியில் நின்ற பயணிகள் வேடிக்கை பார்த்தார்கள்.

மேசைமேல் வைத்து, பேனாக்கத்தியால் இரண்டு பக்க மெழுகையும் சுரண்டி எறிந்தாள். கவிழ்த்துத் தட்டியும் ஒன்றும் விழவில்லை. லத்தியின் முனையைக் குழாய்க்குள் விட்டு ஓங்கி இடித்தாள்.

ஈரச் செம்மண் கட்டி கட்டியாக உடைந்து மேசையில் கொட்டியது. அள்ளி முகர்ந்து பார்த்தாள். வெறும் மண் வாசனைதான்.

கோகிலவாணி அழவில்லை. கொட்டிய மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். விஜயலட்சுமிக்கு முகம் சுண்டிப்போயிற்று. மண்தானே, திரும்ப அடைத்துக்கொள்ளலாம் என்று பிடிப்பிடியாக அள்ளிக் குழாய்க்குள் போட ஆரம்பித்தாள்.

பெண் மெதுவாக அவள் கையைத் தடுத்தாள். பிறகு விளக்கினாள். மலையில் எவ்வளவு இறுக்கத்தோடும் ஈரத்தோடும் உட்கார்ந்திருக்கிறதோ, அதே நிலையில் மண்ணை லேபுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். அங்கே அதன்மேல் எடை ஏற்றிப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தால், எதுவரை தாங்கும், எப்போது சரியும் என்று தெரிந்துவிடுமாம். ஒருமுறை கலைந்துவிட்டால் அது வேறு மண்ணாம். மண்ணியல் வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதானாம்.

"இதுல மறைக்கறதுக்கு இன்னா இருக்குது?"

"லீவுக்கு வந்தப்ப பாத்தேன் மேடம். சரிவு உச்சியில நீளமா வெடிப்பு வுட்டிருக்குது. மழைத் தண்ணி உள்ள எறங்கிக்கினே இருக்குது. கீழ ஆளுங்க இருக்காங்க. டெஸ்ட் பண்ணாம வெளிய சொல்லி யாரையும் பயமுறுத்தாதன்னு சார் சொன்னாரு."

வெளியே தூறல் வலுத்தது. புளியமரத்தடியில் நின்றவர்கள் பஸ்ஸுக்குள் ஓடினார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

இன்னொரு குழாய் எடுத்துவர முடியாதா என்று விஜயலட்சுமி கேட்டாள். இந்த மழையில் மறுபடி அங்கே ஏறினால் கால் வைக்கிற இடமே பெயர்ந்து வரும் என்றாள் பெண்.

விஜயலட்சுமி மலைப்பக்கம் பார்த்தாள். மலையில் சரிவுக்குக் கீழே எத்தனையோ குடிசைகள், பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதிகள். தன் அவசர புத்தியால் யார் தலையில் என்ன விழப்போகிறதோ. டெஸ்ட் இல்லாவிட்டால் போகட்டும், மழை நிற்கும்வரை அந்த ஜனத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். யாராவது கேட்டால் பழியைத் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தாள்.

"எந்த ஊருக்கு மேல எடுத்த? சொல்லும்மா, ஒடனே காலி பண்ணச் சொல்றேன்."

கோகிலவாணி மேலே கை காட்டினாள்.

"நாம நிக்கிற இந்த ஷெட்டுக்கு மேலதான் மேடம்."