மிக்ஸியும் மூடியும் பல்லியக்காவும்

தானே யோசித்துத் தானே அரைக்கிற மிக்ஸி ஒன்று பூங்காவனத்தின் சமையலறைக்கு வந்ததாம். முந்நூறு சட்னி தெரியும் என்று அதற்கு ஏகப்பட்ட மிதப்பு. “இன்னிக்குச் சட்னி சரியில்லேன்னா உனக்குப் பரண்தான்” என்று சொல்லிவிட்டு, பூங்காவனம் தோசைக்கல்லைப் பார்க்கப் போனாள்.

“என் அறிவுக்கு எதுக்கு மூடி? உன்னாலதான் என் வேகமே குறையுது. இறங்குடி!” என்று தலைமேல் இருந்த மூடியை அதட்டியது மிக்ஸி.

“இறங்கறேண்ணே. மேலே சுவர்ல குடியிருந்து தினம் சமையலைப் பார்க்கிற பல்லியக்காவை மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ” என்றது மூடி.

“பூச்சி தின்கிறவளுக்குச் சட்னியைப் பத்தி என்ன தெரியும்?”

மூடியை உதறிவிட்டு, மூன்றாம் நம்பரில் ஒரே சுற்று. சட்னி சுவரில் தெறித்தது, காலண்டரில் வழிந்தது, பல்லியின் மூஞ்சியில் அப்பியது. ஜாரின் அடியில் இரண்டு கரண்டிதான் மிச்சம். “தோசை வெந்தாச்சு!” என்று குரல் வேறு வந்துவிட்டது. மிக்ஸிக்குப் பரண் கண்முன்னே தெரிந்தது.

“தங்கச்சி, என் ராசாத்தி, ஏறி உட்காரும்மா!”

மூடி அழுத்தி உட்கார்ந்தது. அதே மூன்றாம் நம்பர்தான், ஒரு துளிகூட வெளியே வரவில்லை. “அட, வேகம் குறையவே இல்லையே!” என்று மிக்ஸிக்கே ஆச்சரியம்.

மேலேயிருந்து பல்லி மூக்கை நக்கிக்கொண்டே சொன்னது: “நிறுத்து தம்பி. உப்பு போடலை.”

மிக்ஸி டக்கென்று நின்றது.